பெரியப்பாவின் மௌனமும் அக்காவின் தண்ணீர் லாரியும்

பிறகு வாசிக்க வருகிறவர்களுக்காகக் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் முதலாம் ஆண்டு அரசியல் தத்துவம் படிக்கும் ஒரு பெண் கேட்கிறார். அவருடைய பெரியப்பா ஓய்வு பெற்றதும் ஆசிரமமே கதி என்று ஆகிவிட்டார். விடியற்காலையில் தியானம், அப்புறம் திருவாசகம், அப்புறம் மௌனம். அக்கா நேர் எதிர். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டொங்காட் நீர் சுத்திகரிப்பு நிலையம் நாசமாகி, மாதக்கணக்கில் குழாயில் சொட்டுத் தண்ணீர் வராமல் கிடந்தபோது, எந்தத் தெருவுக்கு எப்போது லாரி வரும் என்று பட்டியல் போட்டு அலைந்தவர். அன்று எடுத்த ஊர் வேலையை இன்னும் கீழே வைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்கு இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் சண்டைதான். "ஊர் தாகத்தில் கிடக்கும்போது கண்ணை மூடி உட்காருவது தப்பித்து ஓடுவது" என்கிறார் அக்கா. "எதற்கு ஓடுகிறோம் என்பதையே மறந்துவிட்டு ஓடுகிறாய்" என்கிறார் பெரியப்பா. வகுப்பிலோ, சிந்தனை வாழ்வே மேல் என்று அரிஸ்டாட்டில் சொல்ல, இருபதாம் நூற்றாண்டு அரசியல் சிந்தனையாளர் ஹன்னா அரெண்ட் அதைக் கவிழ்த்துப் போடுகிறார் என்று பாடம் நடக்கிறது. யார் சொல்வது சரி? தமிழில் இதற்கு ஏதாவது பதில் உண்டா?

சரி. "இரண்டும் வேண்டும், அளவோடு வேண்டும்" என்று சொல்லிவிட்டு நான் எழுந்து போகலாம். கோயில் மேடையில் சொன்னால் கைதட்டல்கூடக் கிடைக்கும். ஆனால் உங்கள் வீட்டுச் சண்டை அதனால் தீராது. ஒரு நாளுக்கு இருபத்துநாலு மணி நேரம்தான். யாருடைய நேரம் எதற்குப் போகிறது என்பதுதானே சண்டையே. முப்பது வருஷம் இந்தப் பாடத்தை நடத்தியவன் என்ற முறையில் எனக்குத் தோன்றுவது இது: "எது மேல்" என்று கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய இன்னொன்று இருக்கிறது. ஒருவர் அமைதியாக உட்கார்ந்திருக்கும் நேரத்தில் அவருக்குச் சோறு வடிப்பது யார்?

கிரேக்கர்களிடமிருந்தே தொடங்குவோம். ஓய்வுக்கு அவர்கள் சொன்ன சொல் "ஸ்கோலே". நாம் "ஸ்கூல்" என்று சொல்கிறோமே, அதன் மூலம் அதுதான். வேலைக்கு அவர்களிடம் இருந்த ஒரு சொல் "அஸ்கோலியா", அதாவது ஓய்வில்லாமை. லத்தீனிலும் அப்படியே: ஓய்வு "ஓட்டியும்", அலுவல் "நெகோட்டியும்", ஓய்வின்மை. ஓய்வை இயல்பு நிலையாகவும் வேலையை அதன் குறைபாடாகவும் வைத்து மொழியையே கட்டியிருக்கிறார்கள். நம் பாட்டன்மார் இதைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள். நமக்கு ஓய்வு என்பது வேலை முடிந்த பிறகு மிச்சம் இருந்தால் கிடைப்பது.

அரிஸ்டாட்டில் தன் அறநூலின் பத்தாம் பகுதியில் சொல்வதன் சாரம் இது. போர் செய்வது அமைதிக்காக. அலுவல் பார்ப்பது ஓய்வுக்காக. அரசியலும் போரும் எவ்வளவு அழகாகத் தெரிந்தாலும் அவை வேறு எதையோ அடையச் செய்பவை. உண்மையைக் கண்டு நிற்பது மட்டும் அதற்காகவே செய்யப்படுவது; நீண்ட நேரம் தொடரக்கூடியது; அடுத்தவர் தயவு குறைவாகவே தேவைப்படுவது. ஆகவே அதுவே உச்சம், அறத்தோடு கூடிய அரசியல் வாழ்வு இரண்டாவது. இந்தக் "காணுதலுக்கு" அவர்கள் சொன்ன சொல் "தியோரியா". திருவிழாவைக் காண ஊர் சார்பில் தூது போகிறவருக்கும் அதே வேரிலிருந்துதான் பெயர். தைப்பூசத்துக்குக் காவடி எடுக்காதவர்களும் போய் நின்று பார்க்கிறார்கள் இல்லையா, அந்தப் பார்வை. "தரிசனம்" என்று நாம் சொல்வது இதற்கு மிகவும் பக்கத்தில் வரும் என்று நினைக்கிறேன்.

உங்கள் பெரியப்பா இதுவரை படித்தால் மகிழ்வார். ஆனால் அரிஸ்டாட்டிலின் அரசியல் நூலின் முதல் பகுதியையும் அவர் படிக்க வேண்டும். அடிமை என்பவன் உயிருள்ள கருவி என்று அங்கே வருகிறது. நெசவு நாடா தானாகவே ஓடினால் எஜமானுக்கு அடிமை தேவைப்படாது என்று போகிற போக்கில் ஒரு வாக்கியமும் வருகிறது. ஏதென்ஸ் குடிமகனின் ஓய்வு எதன்மேல் நின்றது என்று அவரே எழுதி வைத்துவிட்டார். அதில் தவறு ஏதும் அவர் கண்ணுக்குப் படவில்லை, அவ்வளவுதான்.

நம் வீட்டுக் கதையை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து வந்த ட்ரூரோ கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. 1911 வரை இப்படி ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் இருக்கும் நேட்டாலுக்கு வந்தவர்கள் ஒரு லட்சத்து ஐம்பதாயிரத்துக்கு மேல். அவர்களில் பெரும்பகுதி சென்னை வழியாக ஏறியவர்கள். தொடக்கத்தில் முதல் வருஷச் சம்பளம் மாதம் பத்து ஷில்லிங். தோட்டத்து மாளிகையின் தாழ்வாரத்தில் ஒரு துரை நாற்காலி போட்டு ஸ்டோயிக் தத்துவம் படித்திருந்தால், அந்தப் பத்து ஷில்லிங்கில்தான் படித்திருப்பார். சிந்தனை வாழ்வா செயல் வாழ்வா என்ற கேள்வியை நாம் கேட்கும்போது தாழ்வாரத்திலிருந்து கேட்கிறோமா, கரும்பு வரிசையிலிருந்து கேட்கிறோமா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

இதை நான் மார்க்ஸிடமிருந்து எடுத்து வந்ததாக உங்கள் பேராசிரியர் நினைக்கலாம். அவருக்கு முன்பே வள்ளுவர் சொல்லிவிட்டார். தவம் என்ற அதிகாரத்தில், 263ஆவது குறள்:

துறந்தார்க்குத் துப்புரவு வேண்டி மறந்தார்கொல்
மற்றை யவர்கள் தவம்.

துறவிகளுக்கு உணவும் மற்றதும் கொடுக்க ஆள் வேண்டுமே என்றுதான் மற்றவர்கள் தவம் செய்ய மறந்துபோனார்களோ? உரைகாரர்கள் இதைப் பயபக்தியோடு தானத்தின் பெருமையாக விளக்குவார்கள். எனக்கு இதில் ஒரு குறும்புச் சிரிப்பு கேட்கிறது. தவத்தைப் புகழும் அதிகாரத்தின் நடுவிலேயே, "ஐயா, உங்கள் தட்டு நிரம்புவதற்காக யாரோ தன் தவத்தை ஒத்திப்போட்டிருக்கிறான்" என்று ஒரு குரல். இல்வாழ்க்கை அதிகாரத்தில் 42ஆவது குறளும் துறந்தவர்களுக்கும் வறியவர்களுக்கும் இறந்தவர்களுக்கும் இல்வாழ்வான்தான் துணை என்கிறது. 48 இன்னும் ஒரு படி மேலே போகிறது: மற்றவர்களையும் நல்வழியில் நடத்தித் தானும் அறம் தவறாத இல்வாழ்க்கை, நோன்பு நோற்பவர்களின் நோன்பைவிடப் பொறுமை மிக்கது. துறவுக்கும் தனி அதிகாரம் வைத்தவர் அவர். யாரையும் கீழே தள்ளவில்லை. கணக்கை மட்டும் மறைக்காமல் வைத்தார்.

ஐரோப்பியப் பக்கத்தில் இடையில் நடந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், தேர்வுக்கு உதவும். குகையை விட்டு வெளியேறி வெளிச்சத்தைக் கண்டவனைத் திரும்பக் குகைக்குள் இறங்க வைக்க வேண்டும் என்றார் பிளேட்டோ. அவனுக்கு இறங்க மனம் இருக்காது, அதனாலேயே அவன்தான் ஆளத் தகுந்தவன். எபிகூரஸ் வெளியே தெரியாமல் வாழச் சொன்னார். சிசரோ அரசியலை விட்டு ஒதுங்கவும் முடியாமல் அதில் நிற்கவும் முடியாமல் எழுதிக் குவித்தார். 1345இல் வெரோனாவில் அவருடைய கடிதங்களைக் கண்டெடுத்த இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க்குக்குப் பெரிய ஏமாற்றம். அமைதியாக உட்கார்ந்து எழுத வேண்டிய மனிதர் கிழ வயதில் ஏன் கட்சிச் சண்டையில் போய் விழுந்தார் என்று, செத்து ஆயிரத்து முன்னூறு வருஷத்துக்கு மேல் ஆனவருக்கே கோபித்துக் கடிதம் எழுதினார். உங்கள் பெரியப்பா அக்காவுக்குச் சொல்வதும் ஏறக்குறைய அதே கடிதம்தான்.

இந்தக் கூட்டத்தில் எனக்குப் பிடித்தவர் அகஸ்டீன். ஓய்வு வாழ்வு, அலுவல் வாழ்வு, இரண்டும் கலந்த வாழ்வு என்று மூன்றையும் வைத்து, எதிலும் ஒருவன் நல்லவனாக இருக்கலாம் என்கிறார். ஆனால் அயலாரின் தேவையை மறக்கும் அளவுக்கு ஓய்வில் மூழ்காதே, கடவுளைக் காணும் நாட்டமே அற்றுப்போகும் அளவுக்கு அலுவலில் மூழ்காதே. உண்மையின் மேல் உள்ள அன்பு ஓய்வைத் தேடுகிறது. அன்பின் கட்டாயம் வேலையைத் தலையில் ஏற்றுகிறது. யாரும் சுமை ஏற்றாவிட்டால் உட்கார்ந்து உண்மையைத் தேடு, ஏற்றினால் தூக்கு. ஹிப்போ நகர ஆயராக வழக்குத் தீர்த்தே நாள் கழிந்த மனிதர் எழுதியது, அனுபவம் பேசுகிறது.

இதெல்லாம் எங்கோ நடந்தது என்று நினைக்க வேண்டாம். இதே போராட்டம் டர்பனுக்கு மேற்கே பைன்டவுன் பக்கத்திலும் நடந்தது, நீங்கள் பஸ்ஸில் போகிற தூரத்தில். மரியன்ஹில் மடம். 1882இல் ஃபிரான்ஸ் ஃபானர் என்ற டிராப்பிஸ்ட் துறவி தொடங்கியது. டிராப்பிஸ்ட்டுகள் கத்தோலிக்கத் துறவிகளில் மிகவும் கடுமையானவர்கள்: மௌனம், ஜெபம், கையால் உழைப்பு. வெளி உலகத்தோடு ஒட்டாமல் வாழ்வதுதான் அவர்களுடைய விரதம். ஆனால் நேட்டாலுக்கு வந்து பார்த்தால் சுற்றிலும் ஜூலு கிராமங்கள். பள்ளிக்கூடம் வேண்டும், தொழில் கற்றுக்கொடுக்க வேண்டும். ஃபானர் அச்சகம் வைத்தார், பட்டறைகள் வைத்தார், கிளை நிலையங்கள் தொடங்கினார். மடம் உலகத்திலேயே பெரிய டிராப்பிஸ்ட் மடமாக வளர்ந்தது. வளர வளரச் சிக்கலும் வளர்ந்தது. மௌன விரதம் காக்கும் துறவி வகுப்பறையில் எப்படிப் பாடம் நடத்துவது? மணியடித்தால் ஜெபத்துக்கு ஓட வேண்டியவர் இருபது மைல் தள்ளி இருக்கும் கிளையில் என்ன செய்வது? சபையின் மேலிடம் விதியைத் தளர்த்தவில்லை. 1892இல் ஃபானரை மடாதிபதி பொறுப்பிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். அடுத்த வருஷம் அவரே விலகி ஒதுங்கிப் போனார். கடைசியில் 1909இல் ரோம் மரியன்ஹில்லை டிராப்பிஸ்ட் சபையிலிருந்தே பிரித்துத் தனி மிஷனரிச் சபை ஆக்கியது. அதே வருஷம் மே மாதம் ஃபானர் இறந்தார்.

"இரண்டும் அளவோடு" என்பது எவ்வளவு கடினம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. நல்லவர்கள், உழைப்பாளிகள், தங்கள் சோற்றைத் தாங்களே விளைவித்தவர்கள். அவர்களாலேயே ஒரே கூரைக்குள் இரண்டையும் வைத்துக்கொள்ள முடியவில்லை.

1895இல் இந்த மடத்துக்கு ஒரு இளம் வக்கீல் வந்து சுற்றிப் பார்த்தார். மௌனம், மரக்கறி உணவு, நிறம் பார்க்காத நடத்தை, எல்லாரும் கையால் செய்யும் வேலை, எல்லாம் அவரை உலுக்கிவிட்டன. லண்டன் சைவ உணவுப் பத்திரிகை ஒன்றில் பாராட்டி எழுதினார். மோகன்தாஸ் காந்தி. 1904இல் அவர் டர்பனுக்கு வடக்கே சுமார் நூறு ஏக்கரில் பீனிக்ஸ் குடியிருப்பைத் தொடங்கியபோது, ஆசிரியரானாலும் அச்சுக் கோர்ப்பவரானாலும் மாதம் மூன்று பவுன்தான் என்று வைத்தார். அவருக்குத் தூண்டுதலாக இருந்தது ரயில் பயணத்தில் படித்த ஆங்கில எழுத்தாளர் ரஸ்கினின் புத்தகம் என்று அவரே எழுதியிருக்கிறார். மரியன்ஹில்லும் எங்கோ அடியில் இருந்தது என்பது என் எண்ணம். யார் சோறு வடிப்பது என்ற கேள்விக்கு பீனிக்ஸ் தந்த பதில் எளிமையானது: எல்லாரும். ஜெபிக்கிறவனே கொத்தட்டும், எழுதுகிறவனே அச்சு இயந்திரத்தைச் சுற்றட்டும்.

இனி தமிழ்ப் பக்கம். குறளோடு நிறுத்திவிட்டால் பாதிக் கதைதான்.

அப்பரை எடுத்துக்கொள்ளுங்கள். பெரியப்பாவுக்கு அவர் பாடல்கள் மனப்பாடமாக இருக்கும். கையில் உழவாரப்படை, கோயில் முற்றத்தில் புல் செதுக்குகிற வேலை. "என் கடன் பணி செய்து கிடப்பதே" என்று பாடியவர். அந்தக் "கிடப்பதே" என்ற சொல்லைக் கவனியுங்கள். பணி செய்வது செயல். கிடப்பது செயலற்ற நிலை. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறார். இப்படிக் கிடந்தவரைப் பல்லவ மன்னன் ஆள் அனுப்பி அழைத்தபோது என்ன பாடினார் என்று பெரியபுராணம் சொல்கிறது: "நாமார்க்கும் குடியல்லோம் நமனை யஞ்சோம்." நாங்கள் எவனுக்கும் குடிமக்கள் இல்லை. இதைவிட நேரடியான அரசியல் வாக்கியம் தேவாரத்தில் உண்டா என்ன? அதைச் சொன்னவர் எந்தச் சபையிலும் உட்கார்ந்தவர் இல்லை, எந்தப் படையும் திரட்டியவர் இல்லை. புல் செதுக்கியவர். சுண்ணாம்புக் காளவாயில் போட்டும் அவரை அசைக்க முடியாததற்குக் காரணம், அரசன் கொடுக்கவோ பறிக்கவோ கூடியது எதுவும் அவரிடம் இல்லை என்பதுதான்.

மணிமேகலை இன்னொரு வகை. அவள் பௌத்தத் துறவி. கையில் அமுதசுரபி. சோறு போடுவது மட்டும் என்றால் தர்மம் என்று விட்டுவிடலாம். அவள் அரசனிடம் போய்ச் சிறைச்சாலையையே அறச்சாலையாக மாற்றக் கேட்டு வாங்குகிறாள். காப்பியத்தின் ஒரு காதைக்கே அதுதான் தலைப்பு. உலகத்தை விட்டவள் ஒரு சிறையைத் திறக்கிறாள். உங்கள் அக்காவுக்கு இந்தக் காதையை வாசிக்கக் கொடுங்கள். துறவிகள் எல்லாம் தப்பித்தவர்கள் என்று சொல்வதற்கு முன் கொஞ்சம் தயங்குவார்.

இப்போது அரெண்ட். வகுப்பில் உங்களுக்குச் சொன்னது கொஞ்சம் பிசகு. 1958இல் வந்த "மனித நிலை" (The Human Condition) என்ற நூலில் அவர் ஏணியைக் கவிழ்க்கவில்லை. கவிழ்த்துப் போடுவதில் தனக்கு ஆர்வம் இல்லை என்று அவரே சொல்கிறார். பிளேட்டோ தொடங்கி எல்லாரும் சிந்தனையை உச்சியில் தூக்கி வைத்ததில், கீழே இருந்த எல்லாமே "செயல்" என்று ஒரே மூட்டையாகிவிட்டது என்பதுதான் அவருடைய குறை. அந்த மூட்டையைப் பிரித்து மூன்றாக்குகிறார்: உயிர் பிழைக்கச் செய்யும் பாடு, நிலைத்து நிற்கும் பொருளை ஆக்கும் வேலை, பலர் நடுவில் ஒருவர் எழுந்து புதிதாக ஒன்றைத் தொடங்கும் செயல்.

வகுப்பில் இதை நான் எப்போதும் கரும்பை வைத்துத்தான் விளக்குவேன். கரும்பு வெட்டுவது பாடு. வெட்டினால் மறுபடி முளைக்கும், மறுபடி வெட்ட வேண்டும், கையில் எதுவும் மிஞ்சாது. ஞாயிற்றுக்கிழமை அதே கைகள் மண்ணும் மூங்கிலும் தகரமும் சேர்த்து ஒரு மாரியம்மன் கோயில் கட்டினால் அது வேலை; கட்டியவர் போன பிறகும் அது நிற்கும். 1913இல் அவர்கள் நடந்தார்களே, அது செயல்.

அந்த 1913இல்தான் அரெண்ட்டின் மூன்று பெட்டிகளும் என் கண் முன்னால் உடைகின்றன. ஒப்பந்தம் முடிந்தும் இங்கேயே தங்குகிறவர்கள் வருஷத்துக்கு மூன்று பவுன் வரி கட்ட வேண்டும் என்ற சட்டம். அதை எதிர்த்து அக்டோபரில், பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள் இருந்த ஒரு சிறு குழு டிரான்ஸ்வாலிலிருந்து நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போய்த் தொழிலாளர்களை வேலையை நிறுத்தச் சொன்னது. நவம்பர் 6 அன்று நேட்டாலிலிருந்து டிரான்ஸ்வாலுக்குள் எல்லை தாண்டிய ஊர்வலத்தில் 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகள் என்று காந்தி கணக்குக் கொடுக்கிறார். சில நாளில் அவரைப் பிடித்து உள்ளே போட்டுவிட்டார்கள். அவர் சிறையில் இருக்கும்போதுதான் கடலோரக் கரும்புத் தோட்டங்களில் பல்லாயிரம் பேர் தாங்களாகவே வேலையை நிறுத்தினார்கள். யாரும் மேடை போட்டுச் சொல்லவில்லை. மவுண்ட் எட்ஜ்கம்பில் சுட்டார்கள், செத்தவர்கள் உண்டு. தில்லையாடி வள்ளியம்மை மூன்று மாதக் கடுங்காவலில் காய்ச்சல் கண்டு, வெளியே வந்த சில நாளில், 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தாள். பதினாறு வயது. அந்த வருஷமே வரி போயிற்று.

இதில் அவர்கள் செய்தது என்ன? கத்தியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார்கள். சும்மா இருந்தார்கள்.

"சும்மா" என்பதற்கு நம்மிடம் எத்தனை பொருள்! காரணம் இல்லாமல், காசு இல்லாமல், வேலை இல்லாமல், பேச்சு இல்லாமல். அருணகிரிநாதருக்கு முருகன் சொன்ன உபதேசமே "சும்மா இரு சொல்லற" என்பதுதான். தாயுமானவரும் அந்தச் சொல்லையே பிடித்துக்கொண்டு வாழ்ந்தார். பெரியப்பா ஆசிரமத்தில் தேடுவதும் அதுதான். ஆனால் சும்மா இருக்க உரிமையே இல்லாதவன் சும்மா இருந்தால், அது ஒரு நாட்டின் சர்க்கரைத் தொழிலை நிறுத்திவிடுகிறது. துரை சும்மா இருந்தால் ஓய்வு, கூலி சும்மா இருந்தால் குற்றம். வேலையை விட்டு வெளியேறுவதைச் சட்டம் அப்படித்தான் எழுதியிருந்தது. "செயலில் செயலின்மையையும் செயலின்மையில் செயலையும் காண்கிறவன் அறிவாளி" என்று கீதையின் நான்காம் அத்தியாயம் சொல்வதைப் பல பேர் பல விதமாக விளக்கிக் கேட்டிருக்கிறேன். எனக்கு அது புரிந்தது வேலைநிறுத்தத்தைப் பற்றிப் படித்தபோதுதான். அரெண்ட் தன் நூலை முடிப்பதும், ஒன்றும் செய்யாதிருக்கும்போதுதான் ஒருவன் மிக அதிகமாகச் செய்கிறான் என்ற ரோமானியர் கேட்டோவின் பேச்சோடுதான். அவர் அங்கே சொல்ல வந்தது சிந்தனையைப் பற்றி. ஆனால் அதை நேட்டால் கரும்புத் தோட்டத்தில் வைத்து வாசித்தால் வேறு ஒலி கேட்கிறது.

அப்படியானால் பெரியப்பா கட்சி ஜெயித்துவிட்டதா? அவசரப்படாதீர்கள். உட்கார்வது எல்லாம் ஒன்றல்ல. தோட்டத்தில் உட்கார்ந்தவன் தன் சோற்றை அபாயத்தில் வைத்து உட்கார்ந்தான்.

அக்காவுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2021 ஜூலை கலவரம் நினைவிருக்கும். கடைகள் எரிந்தன, போலீஸ் வரவில்லை, இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் பீனிக்ஸில் தெருவுக்குத் தெரு தடுப்புப் போட்டு நின்றார்கள். பாதி நாள் அது ஊர் ஒற்றுமையாகத்தான் தெரிந்தது. பிறகு வந்த எண்ணிக்கை 36 சாவு என்று போலீஸ் அமைச்சரே சொன்னார். பெரும்பாலானவர்கள் கறுப்பின மக்கள். தன் வழியே போய்க்கொண்டிருந்தவர்களும் தடுப்பில் மாட்டினார்கள். காந்தியின் குடியிருப்பு இருக்கும் அதே பக்கம். செயல் என்றாலே நல்லது என்று நினைக்கிறவர்களிடம் நான் இதைச் சொல்லாமல் விடுவதில்லை. யூதர்களைக் கொலை முகாம்களுக்கு அனுப்பிய நாஜி அதிகாரி ஐக்மனின் வழக்குக்குப் பிறகு அரெண்ட்டைத் தொல்லைப்படுத்திய கேள்வியும் இதுதான்: நின்று யோசிக்கும் பழக்கம் இருந்திருந்தால் மனிதர்கள் சிலவற்றைச் செய்யாமல் இருந்திருப்பார்களா? யோசிப்பது என்றாலே நிறுத்துவது என்றார். அதைப் பற்றிய நூலை முடிக்காமலேயே 1975இல் இறந்துபோனார்.

ஒரு டர்பன்காரரைச் சொல்லாமல் இந்தப் பதிலை நான் முடிக்க மாட்டேன். ரிக் டர்னர். நேட்டால் பல்கலைக்கழகத்தில் அரசியல் தத்துவம் நடத்தியவர். பாரிஸில் பிரெஞ்சுத் தத்துவவாதி சார்த்தரைப் பற்றி ஆய்வு செய்து திரும்பியவர். 1972இல் ஒரு சிறு புத்தகம் எழுதினார். இன்று இருப்பதைத் தவிர வேறு சமூகம் சாத்தியமே இல்லை என்று நம் மனத்தில் ஊறிக் கிடப்பதை முதலில் கேள்வி கேட்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. கற்பனை செய்வது நேரம் போகாதவன் வேலை அல்ல, அரசியலின் முதல் வேலை என்றார். 1973 ஜனவரியில் டர்பனில் செங்கல் சூளைத் தொழிலாளர்கள் தொடங்கி ஒரு லட்சம் பேர் வரை வேலையை நிறுத்தினார்கள். சில வாரங்களில் டர்னர் மேல் நிறவெறி அரசின் ஐந்து வருஷத் தடை உத்தரவு வந்தது. பாடம் நடத்தக்கூடாது, எழுதி வெளியிடக்கூடாது, கூட்டத்தில் கலக்கக்கூடாது. அரசு அவரைக் கட்டாயமாகச் சிந்தனை வாழ்வுக்கு அனுப்பியது என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம். அவர் வீட்டில் உட்கார்ந்து படித்தார், எழுதினார், தேடி வந்தவர்களோடு பேசினார். தடை முடிய இன்னும் சில வாரங்கள் இருக்கும்போது, 1978 ஜனவரி 8 இரவு, பெல்லேரில் இருந்த வீட்டின் ஜன்னல் வழியாக யாரோ சுட்டுக் கொன்றார்கள். யாரும் தண்டிக்கப்படவில்லை. வீட்டில் உட்கார்ந்து யோசிக்கும் மனிதனால் ஒன்றும் ஆகாது என்று உங்கள் அக்கா சொன்னால், சுட்டவர்கள் அப்படி நினைக்கவில்லை என்று சொல்லுங்கள்.

தேர்வில் என்ன எழுதுவது என்று கேட்பீர்கள். அரிஸ்டாட்டிலின் பத்தாம் பகுதியோடு அவருடைய அரசியல் நூலின் ஏழாம் பகுதியையும் சேர்த்து எழுதுங்கள். சிந்தனையே ஒரு வகைச் செயல்தான் என்று அங்கே வரும், பல பேர் அதைத் தொடுவதே இல்லை. அரெண்ட் கவிழ்த்தார் என்று எழுதாமல் பிரித்தார் என்று எழுதுங்கள். குறள் 263ஐப் போட்டால் திருத்துகிறவர் யாராக இருந்தாலும் ஒரு நிமிஷம் நிற்பார்.

வீட்டுச் சண்டைக்கு என்னால் முடிந்த யோசனை இவ்வளவுதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிரியாணி முடிந்ததும், ஆசிரமத்தில் அவர் தட்டைக் கழுவுவது யார் என்று பெரியப்பாவிடம் கேளுங்கள். கடைசியாக எந்த ஞாயிற்றுக்கிழமை போனை அணைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்தாய் என்று அக்காவிடம் கேளுங்கள். இரண்டு பேருக்கும் கோபம் வரும். எங்கள் வீட்டில் இதே கேள்விகளை நான் கேட்டபோது, "அது இருக்கட்டும், நீங்கள் தத்துவம் படித்த முப்பது வருஷமும் இந்த வீட்டில் பாத்திரம் தேய்த்தது யார்?" என்று என் மனைவி கேட்டாள். அதற்குப் பிறகு நான்தான் தேய்க்கிறேன்.